போர்டு மாறினா ஆபீஸ் மாறிடுமா?

படிச்சு முடிச்ச பையனுக்கு வேலை தேடிக் கொடுக்குறது காலேஜோட பொறுப்பா? இன்னிக்கு யாரும் இப்படிக் கேக்க மாட்டோம். ஆனா ஒரு காலத்துல பாடம் நடத்துறதோட வாத்தியார் கடமை முடிஞ்சுது. வேலைக்கு? அப்பா, மாமா, சிபாரிசுக் கடிதம்... அப்படித்தான் ஓடிச்சு வண்டி.

அந்த சிபாரிசு வேலையை ஒரு அலுவலகமா ஆக்கினதுல முன்னோடி ஆக்ஸ்ஃபோர்டு. 1892-ல அங்கே ஒரு நியமனக் குழு அமைச்சாங்க. 1902-ல கேம்பிரிட்ஜ்லயும் ஒரு வாரியம் வந்தது.

அமெரிக்காவுல கதை வேற மாதிரி. 1908-ல பாஸ்டன் நகரத்துல ஃபிராங்க் பார்சன்ஸ், வேலை தேடுற ஏழை இளைஞர்களுக்காக ஒரு வழிகாட்டி நிலையம் திறந்தார். அவர் சொன்னது மூணே விஷயம். உன்னை அறி, வேலைகளை அறி, ரெண்டையும் பொருத்திப் பார். அதே வருஷம் செப்டம்பர்ல மனுஷர் போய்ச் சேர்ந்துட்டார். அவரோட புத்தகம் 1909-லதான் வந்தது. பாவம்!

அப்புறம் இரண்டாம் உலகப் போர். திரும்பி வந்த வீரர்கள் படிக்க 1944-ல அமெரிக்க அரசு சட்டம் போட்டது. சுமார் 22 லட்சம் பேர் அதன் மூலமா காலேஜுக்குப் போனாங்க. இத்தனை பேரும் வெளியே வந்தா வேலை வேணுமே? கம்பெனிகளும் ஆள் தேடிக்கிட்டு இருந்தன. 'பிளேஸ்மென்ட் ஆபீஸ்' செழிச்சது. (நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்ல அந்தச் சொல் இன்னும் 'பிளேஸ்மென்ட் செல்'லா உயிரோட இருக்கு.)

இந்த ஆபீஸ்களுக்கான தேசிய அமைப்பு 1956-ல உருவானப்போ அதன் பேர்லயும் 'பிளேஸ்மென்ட்' இருந்தது. 1995-ல அந்தச் சொல்லை எடுத்துட்டாங்க. இடைப்பட்ட காலத்துல பல காலேஜ்ல போர்டும் 'கேரியர் சர்வீசஸ்'னு மாறிடுச்சு. போர்டு மட்டுமான்னு கேட்டா, பல இடத்துல ஆமாம். அதே மூலை ரூம், கடைசி செமஸ்டர்ல மட்டும் எட்டிப் பார்க்குற அதே பசங்க.

இங்கேதான் ஆண்டி சான் வர்றார். 2009-ல, ஊரே பொருளாதார நெருக்கடியில தவிச்சப்போ, வட கரோலினாவுல உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மூலை ரூம் அதிகாரியா இல்லீங்க, துணைத் தலைவரா! பல்கலைக்கழகத் தலைவரோட ஆலோசனை மேஜையிலேயே அவருக்கு நாற்காலி. வேலைக்குத் தயாராகுறதையே மதிப்பெண் உள்ள பாடமாக்கி கால அட்டவணைக்குள்ள கொண்டு வந்தாங்க. பேராசிரியர், பழைய மாணவர், பெற்றோர்னு எல்லாரையும் இதுக்குள்ள இழுத்தாங்க. 2013-ல ஒரு மேடைப் பேச்சுக்கு அவர் வெச்ச தலைப்பே, கேரியர் சர்வீசஸ் சாகணும்ங்கிறதுதான்! தைரியம்தான் :-)

எனக்குப் பிடிச்சது அந்தப் பாட விஷயம்தான். மூலை ரூமைத் தேடிப் போறவன் யாரு? வீட்டுல ஏற்கனவே சொல்லிக் கொடுத்து வளர்ந்தவன். குடும்பத்துல முதல் ஆளா காலேஜ் வாசல் மிதிச்சவனுக்கு, கேக்கணும்னே தெரியாது. கூச்சம் வேற. அவன் தேடி வரட்டும்னு உக்காந்திருக்குற ஆபீஸ், மாமா இருக்குறவனுக்கு இன்னொரு மாமாவாத்தான் இருக்கும். அவன் உக்காந்திருக்குற வகுப்புக்கே ஆபீஸ் போனாத்தான் அவனுக்கும் ஒரு மாமா கிடைச்ச மாதிரி.

போர்டை பெயின்டர் மாத்திடுவார். நாற்காலியை மேலே இருக்குறவங்கதான் மாத்தணும்.