பன்னிரண்டாம் கட்டில்

சித்தி கான்சர் வார்டில இருந்த நாட்களில எனக்கு ஒரு மிஸ்ஸோட சரியான கோபம். அவ சித்தியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பன்னிரண்டாம் கட்டில்" எண்டுதான் சொல்லுவா. சித்தி செத்த அண்டைக்கும் அவவின்ர முகத்தில ஒண்டும் தெரியேல்ல. விரிப்பை மாத்திப்போட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. "கல்நெஞ்சுக்காரி" எண்டு வீட்டில வந்து திட்டினன்.

பிறகுதான் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளரைப் பற்றி வாசித்தேன்.

1950களின் கடைசி. லண்டனில் ஒரு பெரிய போதனா வைத்தியசாலை. வார்டு வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தது பயிற்சித் தாதியர். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சி முடிவதற்கு முதலே விட்டுவிட்டுப் போனார்கள். அதிலும் பெரும்பாலானோர் தாங்களாக விரும்பித்தான் போனார்கள். அங்கே ஆய்வு செய்ய டவிஸ்டொக் நிறுவனத்திலிருந்து மென்சீஸ் வந்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1960இல் வெளியானது.

அவர் கண்டது இதுதான். நோயும் சாவும் தாதியருக்குள் கிளப்பும் பயத்தை வைத்தியசாலை பேசித் தீர்க்கவில்லை. அதைத் தொடாமல் இருக்கும்படி வேலையையே ஒழுங்குபண்ணி வைத்திருந்தது. ஒரு தாதி ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்கமாட்டார். ஒரு வார்டு நிறைய ஆட்களுக்கு ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் செய்வார். நோயாளிக்குப் பெயர் இல்லை, கட்டில் இலக்கமும் நோயும்தான். யாரோடும் ஒட்டிப்போகாமல் இருக்க, பயிற்சித் தாதியரை வார்டு விட்டு வார்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அழுதால் ஆறுதல் சொல்லும் வழக்கம் இல்லை, கண்டிப்புத்தான். மூத்த தாதியருக்கும் அந்த வேதனை விளங்கியது, ஆனால் வெளியில் காட்டவில்லை.

காப்பாற்றுவதற்கென்று வந்த இந்த ஏற்பாடு தாதியரைக் காப்பாற்றவில்லை என்பதுதான் மென்சீஸின் முடிவு. பயம் அப்படியே உள்ளுக்குள் கிடந்தது. நோயாளியோடு நெருங்கி, அவர் தேறுவதைப் பார்க்கும் சந்தோசம்தான் பறிபோனது. நல்ல பிள்ளைகள் பலரும் வெளியேறினார்கள்.

அது புற்றுநோய் வைத்தியசாலை இல்லை. புற்றுநோயாளரிடம் இதை மாற்றிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சோண்டர்ஸ். தாதியாகப் பயிற்சி பெற்று, பிறகு சமூகப் பணியாளராகி, 1957இல் வைத்தியரானவர். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்ரோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். வலி என்பது உடம்பு மட்டுமல்ல, மனமும் குடும்பமும் நம்பிக்கையும் சேர்ந்தது என்றார். அங்கே நோயாளியின் பக்கத்தில் இருந்து அவர் கதைப்பதைக் கேட்பதும் வேலைதான்.

அப்படியென்றால் தாதியர் இன்னும் உடைந்துபோகமாட்டார்களா? கனடாவில் மேரி வஷன் என்ற தாதி, முற்றிய புற்றுநோயாளரைப் பார்ப்பவர்களின் மன அழுத்தத்தை 1970களிலிருந்து ஆராய்ந்தார். பல நாடுகளில் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டு 1987இல் புத்தகமாகவும் எழுதினார். சாகிறவர்களோடு இருப்பதைவிட, வேலையிடமும் சக ஊழியரும் நிர்வாகமும்தான் அவர்களைக் கூடுதலாக வாட்டுகின்றன என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு.

1995இல் பொஸ்டனில் கெனத் ஷுவாட்ஸ் என்ற சட்டத்தரணி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். தாதியரின் சின்னச் சின்ன அன்பு தன்னை எப்படித் தாங்கியது என்று இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முதல் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவர் பெயரில் அமைந்த நிலையம் 1997இல் ஒரு கூட்டத்தைத் தொடங்கியது. வைத்தியர், தாதியர், மற்ற ஊழியர் எல்லாரும் ஒன்றாக இருந்து, சிகிச்சையைப் பற்றி அல்ல, அந்த நோயாளி தங்களை என்ன செய்தார் என்று மட்டும் கதைப்பார்கள். இன்று பிரிட்டன் உட்பட வேறு நாடுகளிலும் நடக்கிறது. பெரிய செலவில்லை. ஒரு மணித்தியாலமும் கேட்க ஆட்களும் வேணும்.

இப்ப சித்தியின்ர வார்டை நினைச்சால் வேற கேள்விதான் வருது. அந்த மிஸ்ஸுக்கு அண்டைக்கு எத்தனை கட்டில்? அந்தக் கிழமை எத்தனை பேர் செத்தவை? டியூட்டி முடிஞ்சு அவ ஆரோட கதைச்சிருப்பா?

சித்தியின்ர பேரை அவ சொல்லேல்லை எண்டு திட்டின நான், அவவின்ர பேரை ஒருநாளும் கேக்கேல்லை. எங்களுக்கும் அவ "மிஸ்" மட்டும்தான்.