அழுகையில் வைத்த வழக்கு

தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் பூதலூர்ப் பக்கம் எழவு வீட்டுக்கு வருகிற பெண்கள் தெருமுனையிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, குரலெடுத்து அழுதுகொண்டேதான் வருவார்கள். உள்ளே தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் குரல் கேட்டதும் நகர்ந்து இடம் விடுவார்கள். ஒருத்தி அடியெடுப்பாள், கடைசி இழுப்பில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, "எந்த வண்டிக்குக்கா வந்தீங்க, புள்ளைங்கள யாருகிட்ட விட்டீங்க?" என்று பேச்சு தொடங்கும். இதை வேஷம் என்று சொல்பவர்களை என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

ஒப்பாரிக்குள் என்ன இருந்தது என்பதை என் அப்பாயி அழுததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். செத்தவரின் பெருமை ரெண்டடி. அதற்குப் பிறகு தன் கதை. சீரில் குறைந்தது, மாமியார் வீட்டில் பட்டது, அண்ணன் வாசலில் வாங்கிய பேச்சு எல்லாம் ராகத்தோடு வரும். அண்ணன்மார் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒப்பாரிக்கு யாரும் மறுபேச்சு பேசக் கூடாது, அது கட்டுப்பாடு. பிறந்த வீட்டு நஞ்சையில் பெண்ணுக்குப் பங்கு இல்லாத காலம் அது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்த திருத்தம் வந்ததே 1989-இல். அதிலும் அதற்கு முன்பே கல்யாணமானவர்களைச் சேர்க்கவில்லை. பஞ்சாயத்தில் வாய் திறக்க முடியாதவள் அப்பன் பிணத்தின் தலைமாட்டில் வழக்கு வைத்தாள்.

அழுகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அப்பாயியின் ஒப்பாரியில் நான்கும் இருந்தன. புறநானூற்றின் 112-ஆம் பாட்டைப் பாரி மகளிர் பாடியதாகச் சொல்வார்கள். தகப்பனோடு பறம்பு மலையும் பறிபோனதைச் சேர்த்தே அந்தப் பெண்கள் பாடினார்கள். நிலம் அன்றைக்கே அழுகைக்குள் வந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மிராசுதார் வீட்டில் சாவு விழுந்தால் பண்ணையாள் பெண்கள் வந்து வாசலுக்கு வெளியே நின்று மாரடித்தாக வேண்டும் என்று அப்பாயி சொல்வாள். கூலி, நெல். தங்கள் வழக்கை அவர்கள் அந்த வாசலில் சொல்ல முடியாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சாவூருக்கு வந்தது 1952-இல்தான்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலேயா போனவர்களுக்குப் பிணமில்லாமலே அழுதார்கள். 1942-43-இல் அங்கிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் இழுத்துப்போன தமிழர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் சாவுச் செய்திகூட வந்து சேரவில்லை.

இப்போது நடுவீட்டில் ஐஸ் பெட்டி. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பாட்டுக்கு மைக் செட்டோடு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் குரல் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த வீட்டு வழக்கு அவர்களுக்குத் தெரியாது. அச்சில் வந்த தொகுப்புகளிலும் பெரும்பாலும் தாய்க்கு மகள், கணவனுக்கு மனைவி என்று தலைப்புதான் இருக்கிறது. எங்கள் பக்கம் இன்னும் கட்டி அழத் தெரிந்த கிழவிகள் சிலர் இருக்கிறார்கள். பதிவு செய்ய வருபவர்கள் பாட்டோடு நிறுத்தாமல், அன்றைக்குக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எந்தக் குறையைச் சொல்லி அழுதாய் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.