சொற்பொருள் மயக்க நீக்கம்: கணினிவழி முயற்சிகளின் வரலாறு

பலபொருள் ஒருசொல் ஒரு தொடரில் எந்தப் பொருளில் வந்துள்ளது என்பதைக் கணினி தானாகவே கண்டறிவது சொற்பொருள் மயக்க நீக்கம் எனப்படும். 'மாலை தொடுத்தாள்', 'மாலை ஐந்து மணிக்கு வந்தாள்' என்னும் தொடர்களில் மாலை வெவ்வேறு பொருள் தருவது சிறுவருக்கும் தெரியும். கணினிக்கு இது எழுபது ஆண்டுகளைத் தாண்டிய சிக்கல்.

அமெரிக்க அறிஞர் வாரன் வீவர் 1949-இல் இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய குறிப்பில் ஒரு வழி சொன்னார். அட்டையில் சிறு துளையிட்டு, புத்தகத்தின் ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் பொருள் தெரியாது. துளையை அகலமாக்கி இருபுறமும் சில சொற்கள் தெரியும்படி செய்தால் பொருள் விளங்கிவிடும். வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பலபொருள் ஒருசொல்லின் பொருள் தெளிவாகும் என்னும் தொல்காப்பியக் கிளவியாக்கத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பூத்தது என்றால் 'மா' மரம். ஓடியது என்றால் விலங்கு.

துளையை எவ்வளவு அகலமாக்கினாலும் போதாது என்று 1960-இல் மறுத்தார் யெகோசுவா பார்-ஹில்லெல். 'பென்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எழுதுகோல் என்றும், குழந்தைகளை விளையாட விடும் அடைப்பு என்றும் பொருள் உண்டு. சிறுவன் ஒருவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான். பெட்டி பென்னுக்குள் இருக்கிறது. எழுதுகோலுக்குள் பெட்டி அடங்காது என்பதைப் பக்கத்துச் சொற்கள் சொல்வதில்லை. அது உலக அறிவு. அத்தனை அறிவையும் இயந்திரத்துக்கு ஊட்ட இயலாது என்பது அவர் முடிவு. 1966-இல் வெளிவந்த ஆல்பாக் அறிக்கைக்குப் பின் அமெரிக்காவில் இயந்திர மொழிபெயர்ப்புக்கான நிதியும் சுருங்கியது.

மைக்கேல் லெஸ்க் 1986-இல் அகராதியையே கருவியாக்கினார். அருகருகே உள்ள சொற்களின் அகராதி விளக்கங்களில் எவை மிகுதியான சொற்களைப் பொதுவாகக் கொண்டுள்ளனவோ, அவையே உரிய பொருள்கள் என்பது அவர் முறை. 1995-இல் டேவிட் யாரோவ்ஸ்கி, சில எடுத்துக்காட்டுகளை மட்டும் விதையாகக் கொடுத்து, மற்றதைக் குறியிடப்படாத உரைகளிலிருந்து கணினியே கற்கச் செய்தார். 90 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை கிடைத்தது. ஆனால் சோதித்தவை இரண்டிரண்டு பொருள் கொண்ட சில சொற்களே.

1998-இல் தொடங்கிய சென்செவல் போட்டிகள் எல்லா முறைகளுக்கும் பொதுத் தேர்வாக அமைந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட் போன்ற அகராதிகளின் நுண்ணிய பொருள் வேறுபாடுகளில் மனிதர்களே ஒத்துப்போவதில்லை என்பதால், 80 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம் என்றே பலர் கருதினர். 2018-இல் பெர்ட் போன்ற நரம்பு வலைப்பின்னல் மாதிரிகள் வந்தன. 2020-இல் அந்த எல்லை ஆங்கிலத்தில் தாண்டப்பட்டது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. எதையும் ஆராயாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் மிகுதியாக வழங்கும் பொருளையே எழுதிவைத்தாலும் ஏறத்தாழ 65 விழுக்காடு கிடைத்துவிடும். அரிதாக வழங்கும் பொருள்களில்தான் இயந்திரம் இன்றும் தடுமாறுகிறது.

தமிழில் பொருள் குறியிட்ட உரைத்தொகுப்புகள் மிகக் குறைவு. இந்திய மொழிகளை இணைக்கும் இந்தோவேர்ட்நெட்டில் தமிழும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் 'படி' என்பது ஏவல் வினையா, ஏறும் படியா, அளக்கும் படியா, நகலா என்று தொடர்தோறும் பார்த்துக் குறிக்கும் பணியைத் தமிழறிந்தவர்கள்தாம் செய்தாக வேண்டும்.