நாய்களின் தன்னுடல் தாக்கு இரத்தச்சோகை

நாயின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சிவப்பணுக்களையே அயலாகக் கருதி அழிக்கும் நோய். நலமான நாயின் சிவப்பணு ஏறத்தாழ 110 நாள் வாழும். இந்நோயில் அதற்கு வெகு முன்பே சிதைகிறது. ஈறு வெளுத்தல், சோர்வு, மூச்சிரைப்பு, கண்வெள்ளை மஞ்சளாதல், சிறுநீர் பழுப்பாதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டால் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது. காக்கர் ஸ்பேனியல் இனத்தில் இந்நோய் மிகுதி. பல நாய்களில் காரணம் புலப்படுவதில்லை. உண்ணி பரப்பும் பேபீசியா தொற்றும் இதைத் தூண்டும் என்பதால், உண்ணி மலிந்த தமிழ்நாட்டில் அதற்கான பரிசோதனை அவசியம்.

முதன்மை மருந்து பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு. சிவப்பணு அளவு மிகவும் இறங்கினால் இரத்தம் ஏற்ற வேண்டும். பல நாய்களின் உயிரைப் பறிப்பது சோகையைவிட நுரையீரல் போன்ற உறுப்புகளில் அடைக்கும் இரத்தக்கட்டிகளே. ஆகவே குளோபிடோக்ரெல் போன்ற மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது.

வீட்டுப் பராமரிப்பே நெடிய பகுதி. ஸ்டீராய்டு பசியையும் தாகத்தையும் பெருக்கும். வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதட்டுவது கொடுமை, தண்ணீரைக் குறைப்பது ஆபத்து. அடிக்கடி வெளியே அழைத்துச் செல்வதே வழி. நாய் தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது; இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, மருத்துவர் பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார். நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் ஈறின் நிறத்தைப் பார்ப்பது நோய் திரும்புவதை முன்கூட்டியே காட்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த சோறு சிவப்பணுக்களை மேலும் சிதைக்கும். சாம்பார் சாதமும் அதில் அடங்கும்.