மதிற்பொறிகளும் பொறியானையும்

1995இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் ‘ஃப்ரண்ட் மிஷன்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. சதுரங்கம்போல முறைவைத்து ஆடுவது. ஆடுபவர் தம் ‘வான்சர்’ என்னும் போர் எந்திரங்களுக்கு உடல், இரு கைகள், கால்கள், படைக்கலம் என ஒவ்வொன்றையும் தேர்ந்து பூட்டுகிறார். கை உடைந்தால் அக்கையின் ஆயுதம் போயிற்று. உடல் உடைந்தால் எந்திரமே வீழ்ந்தது. 2022இல் மறுவாக்கம் கண்ட இவ்விளையாட்டின் கற்பனை, காப்பியம் படித்தவர்களுக்கு முற்றிலும் புதியதாக இராது.

பழனி மலைத்தொடருக்கு வடக்கே கொங்குச் சமவெளி. தென்கிழக்கே பாண்டியரின் மதுரை. அகநானூற்றில் மாமூலனார் பொதினி என்று பாடிய பழனி, வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலையின் இருபுறத்து நிலங்களோடும் தொடர்புடைய காப்பியங்களில் போர் எந்திரங்கள் வருகின்றன.

முதலில் மதுரை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அந்நகரின் மதிற்பொறிகளை வரிசையாகச் சொல்கிறது. 1892இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்கு நல்லார் உரையோடு அதைப் பதிப்பித்தபோது, அவற்றின் செயல்களும் நமக்கு விளங்கின. தானே வளைந்து எய்யும் வில், நெருங்குவோரைக் கடிக்கும் கருவிரல் குரங்கு, மதிலைப் பற்றும் கைகளைக் குத்தும் ஊசி, பாய்ந்து கொத்தும் சிச்சிலி, ஏறுவோர் உடலைக் கிழிக்கும் பன்றி. பகைவன் நிற்கும் தொலைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

இனிக் கொங்கு. விஜயமங்கலத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையின் தொடக்கப் பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உதயணன் சிறைப்பட்ட கதை வேறு நூல்களாலும் அறியப்பட்டதே. யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் அவ்வரசனைப் பிடிக்க, உஞ்சை வேந்தன் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்வித்தான். அதன் வயிற்றில் வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். காட்டு யானைக்கு இசை கேட்கும். பொறிக்குச் செவி ஏது? வான்சருக்குள் அமர்ந்து போரிடும் வீரனின் பழைய முன்னோடிகள் என்று அவ்வீரர்களைச் சொல்லலாம்.

மூன்று கதைகளும் ஓரிடத்தில் கூடுகின்றன. ஜப்பானிய விளையாட்டில் நாயகன் ராய்ட், தான் தேடியலைந்த காதலி கேரனின் மூளை பகைவனின் எந்திரத்துக்குள் கருவியாக்கப்பட்டிருப்பதை இறுதியில் அறிகிறான். பொறி எத்தனை வலியதாயினும் உள்ளிருப்பது மனிதன். அதற்கு விலை கொடுப்பவனும் மனிதனே.

இளங்கோ இன்னும் ஒரு படி செல்கிறார். மதிற்பொறிகளின் பட்டியலை அவர் வைத்த இடத்தைப் பாருங்கள். இடைக்குல மூதாட்டி மாதரி, கண்ணகியை அழைத்துக்கொண்டு அந்த மதில்வாயிலைக் கடக்கிறாள். வில் வளையவில்லை, குரங்கு பாயவில்லை. படையெடுத்து வரும் பகைவனுக்காகச் செய்யப்பட்ட பொறிகள், களைத்து வந்த ஒரு பெண்ணை உள்ளே விட்டன. அவளுக்கு நீதி மறுத்த நகரத்தைப் பின்னர் எரித்தவள் அவளே. அன்று மதுரையைக் காக்க எந்தப் பொறியும் இல்லை.