எஃப்-1 விசாவில் என்ன வேலை பார்க்கலாம், எது கூடாது? அமெரிக்கா கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னையிலோ பெங்களூருவிலோ இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, எம்எஸ் படிக்க அமெரிக்கா போகலாம் என்று திட்டம் போடுகிறீர்களா? அப்படியென்றால் கல்விக் கடன், ஜிஆர்இ, அட்மிஷன் என்ற அலைச்சலுக்கு நடுவே ஒரு கேள்வி உங்களுக்கு நிச்சயம் வந்திருக்கும். "அங்க போய் பார்ட் டைம் வேலை பார்த்து சமாளிச்சுக்கலாமா?"

வேலை பார்க்கலாம். ஆனால் எங்கே, எத்தனை மணி நேரம், படிப்பின் எந்தக் கட்டத்தில், யாருடைய அனுமதியோடு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதில் ஒன்று தப்பினாலும் படிப்பு, விசா, பின்னால் வரப்போகும் எச்-1பி என எல்லாவற்றையும் அது பாதிக்கும்.

'ஓபன் டோர்ஸ்' அறிக்கையின்படி 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2024-25-ல் இது 3,63,019 ஆக உயர்ந்தது. படிப்பு முடித்து பயிற்சி வேலையில் இருப்பவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். இத்தனை பேருக்கும் பொருந்துகிற விதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் நாளிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை எது?

பல்கலைக்கழக வளாகத்துக்குள் கிடைக்கும் வேலை மட்டும்தான். நூலகம், உணவகம், விடுதி அலுவலகம், கணினி ஆய்வகம், பேராசிரியருக்கு உதவும் டிஏ, ஆர்ஏ பணிகள் எல்லாம் இதில் வரும்.

செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம். கோடை, குளிர்கால விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வளாக வேலை பார்த்தாலும் இரண்டும் சேர்த்துத்தான் 20 மணி நேரம். டிஏ வேலையும் இதே கணக்கில்தான் சேரும். வேலை கிடைத்ததும் சோஷியல் செக்யூரிட்டி எண் வாங்க வேண்டும்.

இந்த வருமானத்தை வைத்து என்ன செய்ய முடியும்? மணிக்கு 12 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மணி நேரத்துக்கு வாரம் 240 டாலர். 16 வார செமஸ்டர் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தால் 3,840 டாலர். மளிகைக்கும் செல்போனுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் இது கைகொடுக்கும். பல பல்கலைக்கழகங்களில் பல்லாயிரம் டாலராக இருக்கும் கல்விக் கட்டணத்தை இதை நம்பிக் கட்ட முடியாது.

அதனால்தான் ஐ-20 வாங்கும்போதே, குறைந்தது முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டச் சொல்கிறார்கள். சென்னை அண்ணா மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கும்போது, "பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டிடுவேன்" என்று சொன்னால் அது உங்களுக்கு எதிராகவே போகும். உறுதியான டிஏ அல்லது ஆர்ஏ கடிதம் கையில் இருந்தால் கதை வேறு.

வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க வழி உண்டா?

உண்டு. பெரும்பாலான மாணவர்கள் போகிற பாதை இரண்டு: சிபிடி, ஓபிடி. இரண்டுமே உங்கள் படிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வேலைக்கு மட்டும்தான். டேட்டா சயின்ஸ் படித்துக்கொண்டு, இந்த அனுமதியைக் காட்டிப் பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் உட்கார முடியாது.

மூன்றாவதாக, எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடிக்கான அனுமதி ஒன்று இருக்கிறது. ஓராண்டு படிப்பு முடித்தபின், தக்க ஆதாரங்களோடு அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-இடம் விண்ணப்பிக்க வேண்டும். இதை முன்கூட்டியே நம்பித் திட்டம் போட முடியாது.

சிபிடி என்றால் என்ன?

கரிகுலர் பிராக்டிகல் டிரெய்னிங் என்பதன் சுருக்கம். படிக்கும்போதே செய்யும் இன்டர்ன்ஷிப் போன்ற வேலை இது. அது உங்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்தபின்தான் கிடைக்கும். ஆகஸ்ட்டில் சேர்ந்தால் அடுத்த கோடையில் இன்டர்ன்ஷிப் போகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு யுஎஸ்சிஐஎஸ் வரை போக வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் சர்வதேச மாணவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி இருப்பார். அவரை டிஎஸ்ஓ என்பார்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பகுதிநேரமா முழுநேரமா என்பதையெல்லாம் அவர் உங்கள் ஐ-20-ல் பதிந்து தருவார். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னதாக வேலையைத் தொடங்கினாலும் அது அனுமதியில்லாத வேலைதான். "மேனேஜர் திங்கள்கிழமையே வரச் சொன்னார்" என்பது அங்கே பதிலாகாது.

இன்னொரு கணக்கும் முக்கியம். முழுநேர சிபிடியை 12 மாதமோ அதற்கு மேலோ செய்தால், அதே பட்டநிலைக்கான ஓபிடி வாய்ப்பு முழுசாகப் போய்விடும். வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாத பகுதிநேர சிபிடிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஓபிடி எப்போது? எத்தனை மாதம்?

ஆப்ஷனல் பிராக்டிகல் டிரெய்னிங் பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் எடுப்பது. ஒவ்வொரு பட்டநிலைக்கும் 12 மாதம். டிஎஸ்ஓ பரிந்துரைத்தபின் ஐ-765 படிவத்தில் யுஎஸ்சிஐஎஸ்-இடம் விண்ணப்பிக்க வேண்டும். இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வந்து, அதில் உள்ள தொடக்கத் தேதியும் வந்த பிறகே வேலையில் சேரலாம்.

படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ பரிந்துரை பதிவான 30 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டில் எதைத் தவறவிட்டாலும் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி கை நழுவிவிடக்கூடும். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, வேலையில்லாத நாட்களின் கணக்கு. ஓபிடி காலத்தில் மொத்தமாக 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. சனி, ஞாயிறும் இதில் சேரும். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வேலை பார்த்தால்தான் வேலையில் இருப்பதாகக் கணக்கு. அதனால் ஓபிடி தொடக்கத் தேதியை யோசித்துக் குறியுங்கள். படிப்பு முடிந்த 60 நாட்களுக்குள் எந்த நாளையும் தேர்ந்தெடுக்கலாம். வேலை இன்னும் கையில் இல்லையென்றால் கொஞ்சம் தள்ளிக் குறிப்பதே நல்லது.

கூடுதல் 24 மாதம் யாருக்குக் கிடைக்கும்?

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளின் பட்டியலில் உங்கள் பட்டம் இருந்தால் 'ஸ்டெம் ஓபிடி' நீட்டிப்பு கிடைக்கும். 2008-ல் 17 மாதமாகத் தொடங்கிய இந்தச் சலுகை, 2016-ல் 24 மாதமானது. ஆக மொத்தம் 36 மாதம்.

நிபந்தனைகளும் அதற்கேற்ப அதிகம். நிறுவனம் 'இ-வெரிஃபை' என்ற அரசுத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். நீங்களும் நிறுவனமும் சேர்ந்து ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சம்பளமில்லாத வேலையோ சுயதொழிலோ இந்தக் கட்டத்தில் செல்லாது. வேலையில்லாத நாட்கள் கூடுதலாக 60 கிடைக்கும். முந்தையதையும் சேர்த்து மொத்தம் 150.

உங்கள் பட்டம் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐ-20-ல் இருக்கும் சிஐபி குறியீட்டு எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் எம்பிஏ ஸ்டெம் பட்டியலில் இருக்கும், பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் எம்பிஏ இருக்காது. ஒன்றுக்கு மூன்று வருஷ வேலை வாய்ப்பு, இன்னொன்றுக்கு ஒரே வருஷம். கடன் வாங்கிப் படிக்கப்போகும் உங்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. அட்மிஷனை உறுதி செய்யும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

அதன்பின் எச்-1பி?

ஓபிடி காலம் முடிந்தும் வேலையில் தொடர வேண்டுமானால் பலருக்கும் இருக்கும் வழி எச்-1பி. ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச்சில் பதிவு, தேர்வானால் அக்டோபர் 1 முதல் வேலை.

ஒரு உதாரணம் பாருங்கள். 2026 ஆகஸ்ட்டில் சேர்ந்து 2028 மே மாதம் எம்எஸ் முடிக்கிறீர்கள். ஓபிடி 2029-ன் நடுப்பகுதி வரை, ஸ்டெம் நீட்டிப்போடு 2031-ன் நடுப்பகுதி வரை போகும். ஆக 2029, 2030, 2031 என மூன்று மார்ச் மாதங்கள் உங்கள் கையில் இருக்கும். ஸ்டெம் இல்லையென்றால் 2029 மட்டும்தான். எச்-1பி மனு தாக்கலான பிறகு அக்டோபருக்கு முன் ஓபிடி முடிந்துவிட்டால், இடைப்பட்ட காலத்துக்கு 'கேப்-கேப்' நீட்டிப்பு கிடைக்கும். 2025 ஜனவரி 17 முதல் இந்த நீட்டிப்பு அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 வரை செல்லும்.

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம் உங்களுக்கும் பொருந்துமா? அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் அந்தஸ்திலிருந்து எச்-1பிக்கு மாற அனுமதி பெறுவோருக்கு அது பொருந்தாது என்று அதே ஆண்டு அக்டோபரில் யுஎஸ்சிஐஎஸ் விளக்கம் தந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் என்ன நிலைமை என்பதை அந்தத் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

"காசா கொடுத்துடுவாங்க, யாருக்குத் தெரியப் போகுது?"

உணவகத்திலோ மளிகைக் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ ரொக்கமாகச் சம்பளம் தரும் வேலைகளைப் பற்றிச் சொல்பவர்கள் உங்கள் நட்பு வட்டத்திலேயே இருப்பார்கள். உபர் ஓட்டுவது, உணவு டெலிவரி, ஃப்ரீலான்ஸ் என்று வேறு யோசனைகளும் வரும். படிக்கும் காலத்தில், மேலே சொன்ன அனுமதி எதுவும் இல்லாமல் இவற்றைச் செய்வது விதிமீறல்.

இதன் விலை என்ன? வேறு காரணங்களால் மாணவர் அந்தஸ்தை இழந்தவர்கள், அதைத் திரும்பத் தரும்படி யுஎஸ்சிஐஎஸ்-இடம் கேட்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கும். அப்படிக் கேட்பவர் அனுமதியில்லாத வேலையில் ஈடுபட்டிருக்கக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, சேர்ந்த முதல் நாளே சிபிடி தருவதாக ஆசை காட்டும் கல்லூரிகள். சில முதுநிலைப் படிப்புகளுக்கு இப்படித் தர விதியில் இடமுண்டு. ஆனால் வகுப்பே நடக்காமல் வேலை அனுமதிக்காக மட்டும் ஓர் இடத்தில் சேர்ந்தால், மாட்டிக்கொள்வது நீங்கள்தான். மிச்சிகன் மாநிலத்தில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் இயங்கியது, அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளே மாறுவேடத்தில் நடத்திய போலி நிறுவனம். 2019 ஜனவரியில் அது வெளியே வந்தபோது கைதான சுமார் 130 மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள்.

இந்திய வேலையை அங்கிருந்தே தொடரலாமா?

இப்போது வேலையில் இருக்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. சம்பளம் ரூபாயில், இந்திய வங்கிக் கணக்கில் வருகிறது, அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றும். ஆனால் நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம் அமெரிக்கா. சம்பளம் எங்கே வருகிறது என்பதை வைத்து மட்டும் தப்பிக்க முடியாது என்பதால், குடியேற்ற வழக்கறிஞர்கள் பலரும் இதைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். டிஎஸ்ஓவிடமோ வழக்கறிஞரிடமோ கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

கணவன் அல்லது மனைவி எஃப்-2 விசாவில் உடன் வந்தால், அவர்களுக்கு வேலை பார்க்க அனுமதியே கிடையாது. இரண்டு சம்பளத்தில் வாழ்ந்து பழகிய தம்பதிகள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

வரி பிடித்தம் எப்படி?

வருமான வரி உண்டு. ஆனால் எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் பொதுவாகக் கிடையாது. இரண்டும் சேர்ந்து சம்பளத்தில் 7.65 சதவீதம். ஓபிடியில் இருக்கும்போதும் இந்த விலக்கு தொடரும். சில நிறுவனங்கள் தெரியாமல் பிடித்துவிடும், முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய மாணவர்களுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் படிவத்தில் மற்ற நாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத நிலையான கழிவை, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின் கீழ் நீங்கள் கோரலாம். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவத்தை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும்.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலாம் ஆண்டுச் செலவுக்கு வேலை வருமானத்தை நம்பாமல் கணக்குப் போடுங்கள். சிஐபி குறியீட்டைச் சரிபாருங்கள். சிபிடி எப்போதிருந்து, எந்தப் பாடத்தின் கீழ் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போன பிறகு, முகவரியோ வேலையோ மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு ஐ-20, இஏடி அட்டை, சம்பளச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். சில வருஷம் கழித்து எச்-1பிக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போது, "அந்தக் கோடையில் எங்கே, எந்த அனுமதியில் வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அவைதான் இருக்கும்.

சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் கேட்பதற்கு முன் டிஎஸ்ஓவிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.