ராயல் ஏசியாடிக் சொசைட்டி, கொரியக் கிளை

கொரியாவின் வரலாறு, கலை, கட்டடக்கலை, வாழ்முறை குறித்துச் சியோல் நகரில் ஆங்கிலத்தில் பொதுச் சொற்பொழிவுகள் நடத்தும் சங்கம். 1900இல் தொடங்கப்பட்டது. தாய்ச் சங்கம் 1823இல் லண்டனில் உருவானது. இலங்கைக் கிளை 1845ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

தொடக்க ஆண்டிலேயே ஒரு கருத்துமோதல். கனடா மிஷனரி ஜேம்ஸ் கேல், கொரியப் பண்பாடு பெரும்பாலும் சீனாவிடம் பெற்றதே என்று உரையாற்றினார். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் அதை மறுத்து, சீனத் தாக்கத்துக்குத் தப்பி நின்ற உள்ளூர் வழக்கங்களை அடுக்கினார். இரண்டு உரைகளும் சங்க ஆய்விதழின் முதல் தொகுதியில் உள்ளன. இன்றும் சேர்த்துப் படிக்கத்தக்கவை. கொரிய மொழியைத் தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு 1905இல் இலக்கண நூல் எழுதியவரும் இதே ஹல்பர்ட்தான். அவர் கூறிய உறவை மொழியியலாளர் ஏற்கவில்லை.

பேசியவர்கள் பெரும்பாலும் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்லர். பழைய ஆயுதங்கள், கவசங்கள் பற்றியும் பின்னர் இசைக்கருவிகள் பற்றியும் விரிவாக எழுதிய ஜான் பூட்ஸ் ஒரு பல் மருத்துவர். மரபுப் படகுகள், ஆமைக் கப்பல் என்னும் பழைய கொரியப் போர்க்கப்பல் ஆகியவை பற்றிய எச். எச். அண்டர்வுட்டின் கட்டுரை 1934இல் வந்தது. எழுதியோர் நீண்ட காலம் வெளிநாட்டவரே என்பது ஆய்விதழ்த் தொகுதிகளின் குறை. அவர்கள் நேரில் பார்த்துப் பதிந்த விவரங்களோ அரியவை.

போர்க்காலங்களில் பணி தடைபட்டு, பின்னர் மீண்டும் தொடர்ந்தது. உரைகளுடன் சங்கம் சுற்றுலாக்களும் நடத்துகிறது.